பைப்புக்கு ஒரே பேரு வைங்க: மருந்து ஸ்டோரு நிலத்த சுத்தம் பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் ஐயாமாரே, அம்மாமாரே. புல்லு கொல்ற மருந்து வச்சிருந்த பழைய ஸ்டோரு நிலத்த சுத்தம் பண்றதுக்குன்னு போட்ட கமிட்டியில இருக்கிறவங்களுக்கும், அவங்க வேலைக்கு வச்சிருக்கிற கன்சல்டன் கம்பெனி தம்பி தங்கச்சிங்களுக்கும், லேப்புல உக்காந்து நம்பர் அடிக்கிறவங்களுக்கும் சேத்துத்தான் இத எழுதுறேன். யாரு பேரையும் போடல, கம்பெனி பேரும் போடல, நம்ம ஊரு பேரக்கூட எழுதல. மலேசியாவுல பேராக் மாநிலத்துல எத்தனையோ தோட்டத்துல இதே கததான், படிச்சா அவங்கவங்களுக்கு புரியும்.

நான் யாருன்னு கேப்பிங்க. 1983ல இருந்து இந்த தோட்டத்துல செக்ரோல் கிராணியா இருந்தவ, அதான் வேலைக்கு வந்த ஆளு கணக்கு எழுதுற குமாஸ்தா. என் அம்மா மருந்தடிச்சவங்க, தாத்தா கித்தா காட்டுல, அதான் ரப்பர் தோட்டத்துல, பால் வெட்டுனவரு. பட்டம் கிட்டம் ஒண்ணும் இல்ல, ஆனா முப்பத்தி நாலு வருஷம் கட்டம் போட்ட புத்தகத்துல ஒரு நாளு கூட விடாம எழுதுன கை இது. அதனால உங்க வேலையில எனக்கு மண்ண பத்தி பேச தகுதி இல்லன்னு சொன்னா ஒத்துக்குவேன், புத்தகம் வைக்கிறத பத்தி பேச தகுதி இல்லன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

செக்ரோல் பாத்திருக்கமாட்டிங்க, இப்ப உள்ள பிள்ளைங்களுக்காக சொல்றேன். விடியகாலம் ஆளுங்க கூடுற பெரட்டுக்களத்துல மண்டோரு, அதான் மேஸ்திரி, பேரு கூப்பிடுவாரு, நாங்க குறிப்போம். எங்க லயத்துல மட்டும் மூணு முனியம்மா. அதனால பேர மட்டும் எழுதுனா சம்பள நாளுல சண்டதான் வரும், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பரு, 114ன்னா ஒரே ஒரு முனியம்மா, அவங்க வேலைய விட்டு போனாலும் அந்த நம்பர வேற ஆளுக்கு குடுக்கமாட்டோம். ஆளு வரலன்னா கட்டத்த வெறுமையா விடக்கூடாது, சீக்கா, லீவா, சொல்லாம நின்னுட்டாங்களான்னு எழுதணும், ஏன்னா வெறும் கட்டம்னா வரலன்னு அர்த்தமா இல்ல கிராணி எழுத மறந்துட்டாளான்னு யாருக்கும் தெரியாது. தப்பா எழுதிட்டா அழிரப்பர் எடுக்கக்கூடாது, ஒத்த கோடு போட்டு பக்கத்துல திருத்தி கையெழுத்து வைக்கணும், கீழ இருக்கிற பழைய எழுத்து தெரியணும். பெரிய கிராணி இதுக்கெல்லாம் என்ன எப்படி திட்டியிருக்காருன்னு எழுதுனா இந்த மடல் முடியாது.

இப்ப டேட்டா மேனேஜ்மெண்ட், டேட்டாபேஸ், ஆடிட் ட்ரெயில்னு நீங்க புரொஜெக்டர்ல போட்டு காட்டுறிங்களே, அது எல்லாம் எனக்கு இந்த புத்தகம்தான். எங்க கூலி அஞ்சு காசு தப்பாம இருக்க தோட்டத்துக்காரன் இவ்வளவு பாத்தான், எங்க மண்ணுல இருக்கிற விஷத்த எண்ணுறப்ப நீங்க அதுல பாதி கூட பாக்கலங்கிறதுதான் என் வருத்தம்.

விஷயத்துக்கு வர்றேன். அந்த ஸ்டோருல என்ன இருந்துச்சுன்னு புதுசா வந்தவங்களுக்கு தெரியாது. வெள்ளக்கார துரை காலத்துல லாலான் புல்ல கொல்றதுக்கு சோடியம் ஆர்சனைட்டு அடிச்சாங்க, மலாயா கித்தா தோட்டம் பூரா அதுதான் மருந்து. அப்புறம் 1960கள்ல பாராகுவாட்னு இன்னொரு புல்லு மருந்து வந்துச்சு, எங்கம்மா அடிச்சது அது. மூக்குல ரத்தம் வரும், நகம் கருத்து கழண்டு விழும், "மருந்து ஒத்துக்கல"ன்னு சொல்லிட்டு அடுத்த நாளு மறுபடி பம்ப தூக்கிட்டு போவாங்க. அந்த பாராகுவாட்ட மலேசியாவுல 2002ல தடை பண்ணி, 2006ல மறுபடி விட்டு, கடைசியா 2020 ஜனவரி 1ல இருந்துதான் முழுசா நிறுத்துனாங்க. பாராகுவாட் களிமண்ண இறுக்கி புடிச்சிக்கும், தண்ணியில லேசுல இறங்காது. பழைய ஆர்சனைட்டுல இருக்கிற ஆர்சனிக்கு அப்படி இல்ல. அது ஒரு தனிமம், மக்காது, உடையாது, வெயில்ல காஞ்சும் போகாது, மண்ணுல இருக்கிற இரும்போட ஒட்டிக்கிட்டு கெடக்கும், நிலம் தண்ணியில ஊறி காத்து போகாம ஆச்சுன்னா அந்த இரும்பு கரையும், ஆர்சனிக்கும் கூடவே தண்ணிக்கு இறங்கும். அப்ப மழை மாசத்துல எடுத்த தண்ணியும் வெயில் மாசத்துல எடுத்த தண்ணியும் ஒண்ணு இல்ல. எடுத்த தேதிய கூட பாதி இடத்துல "கியூ3"ன்னு, வருஷத்தோட மூணாவது காலாண்டுன்னு மட்டும், எழுதி முடிச்சிட்டிங்க.

போன தடவ பாலாய் ராயாவுல, அதான் ஊரு பொது மண்டபத்துல, மீட்டிங் வச்சிங்க. கோப்பியும் கரிபாப்பும் நல்லா இருந்துச்சு, அதுல குறை சொல்லல. ஸ்க்ரீன்ல ஒரு கோடு மேல இருந்து கீழ இறங்கி வந்துச்சு, "ஆர்சனிக் அளவு வருஷா வருஷம் கொறஞ்சிட்டு வருது"ன்னு சொன்னிங்க, எல்லாரும் கை தட்டுனாங்க, நானும்தான் தட்டுனேன். அப்புறம் ரிப்போர்ட்டு கேட்டேன். பிடிஎஃப் அனுப்புனிங்க, 412 பக்கம், பாதி பக்கம் கோணலா ஸ்கேன் பண்ணது, நம்பர் இருக்கிற டேபிள் எல்லாம் போட்டோ மாதிரி, ஒரு நம்பர கூட காப்பி பண்ண முடியல. என் மக லீவுல வந்திருந்தா, அவ ஒரு ஆபீஸ்ல மேப்பு போடுற வேல பாக்குறவ, ரெண்டு பேரும் சாப்பாட்டு மேசையில உக்காந்து ராத்திரி ராத்திரியா கையால எக்செல்ல அடிச்சோம். எட்டு ராத்திரி. லேப்பு மெஷின்ல இருந்து நம்பரா வந்தத நீங்க படமா மாத்தி குடுத்து, அத நாங்க திரும்ப நம்பரா மாத்துறோம், இதுக்கு பேரு டிஜிட்டலாம்.

அடிச்சு முடிச்சப்பதான் தெரிஞ்சுது. பத்து வருஷத்துல மூணு கம்பெனி மாறி இருக்கு. கொய்யா மரத்துக்கு கிட்ட, நிலத்தடி தண்ணிய எடுத்து டெஸ்ட் பண்றதுக்கு வெள்ள மூடி போட்ட பைப்பு ஒண்ணு நிக்குதே, அத முதல் கம்பெனி எம்டபிள்யூ-3ன்னு எழுதுனாங்க, ரெண்டாவது கம்பெனி அத பிஎச்-7ன்னாங்க, மூணாவது ஆளுங்க புதுசா நம்பர் போட ஆரம்பிச்சு வேற ஒரு பைப்புக்கு எம்டபிள்யூ-3ன்னு பேரு வச்சிட்டாங்க. ஆக பழைய எம்டபிள்யூ-3யும் புது எம்டபிள்யூ-3யும் ரெண்டு வேற முனியம்மா! அந்த ரெண்டையும் ஒரே கோட்டுல சேத்துத்தான் "கொறஞ்சிட்டு வருது"ன்னு காட்டிருக்கிங்க. அழுக்கான எடத்துல இருந்து சுத்தமான எடத்துக்கு பேரு நடந்து போயிருக்கு, விஷம் எங்கயும் போகல.

இது ஒண்ணு. அதவிட எனக்கு தூக்கம் கெடுத்தது அடுத்தது. முதல் கம்பெனி தண்ணிய அப்படியே பாட்டில்ல புடிச்சு லேப்புக்கு அனுப்பியிருக்கு. ரெண்டாவது கம்பெனி தண்ணிய வடிகட்டி அனுப்பியிருக்கு. கலங்குன தண்ணியில ஆர்சனிக்கு அந்த சின்ன சின்ன மண்ணு துகள்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், வடிகட்டுனா துகளு வெளிய போயிரும், நம்பரு தன்னால இறங்கிரும். ரெண்டு முறையும் தப்பில்ல, ரெண்டுக்கும் வேற வேற உபயோகம் இருக்கு, லேப்பு பேப்பர்ல ஒண்ண டோட்டல்னும் ஒண்ண டிசால்வ்டுன்னும் தெளிவா போட்டிருக்கு. ஆனா நீங்க கிராபு போட்ட எக்செல்ல அத பிரிச்சு எழுதுற காலமே, அதான் மேல இருந்து கீழ போற கட்ட வரிசையே, இல்ல. வெறும் "ஆர்சனிக்". அந்த கோடு செங்குத்தா விழுற வருஷமும் வடிகட்ட ஆரம்பிச்ச வருஷமும் ஒண்ணு. ஒரு காலம், ஒரே ஒரு காலம் விட்டதுக்கு நாங்க எல்லாம் கை தட்டுனோம்.

அப்புறம் அந்த "என்டி". கண்டுபிடிக்கப்படலன்னு அர்த்தமாம். உங்க டேபிள்ல நிறைய இடத்துல அத எடுத்துட்டு 0 போட்டிருக்கு. குடிக்கிற தண்ணியில ஆர்சனிக்கு ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது, நம்ம நாட்டு அளவும் அதான். முதல் வருஷம் டெஸ்ட் பண்ண லேப்பு 0.05க்கு கீழ எங்களால பாக்க முடியாதுன்னு அடியில பொடி எழுத்துல எழுதியிருக்கான். அப்ப அங்க என்டின்னா என்ன அர்த்தம்? 0.04 இருந்தாலும் என்டிதான், அளவுக்கு நாலு மடங்கு. கண்ணாடி போடாத கிழவி அரிசியில கல்லு இல்லன்னு சொன்ன மாதிரி. வெறும் கட்டத்தையும் பூஜ்யத்தையும் ஒண்ணா வச்சா பெரிய கிராணி செக்ரோல தூக்கி மூஞ்சியில வீசியிருப்பாரு. என்டிய என்டியாவே வைங்க, பக்கத்துல எதுவரைக்கும் பாக்க முடிஞ்சதுங்கிற நம்பரையும் வைங்க. அப்படி வச்சிக்கிட்டு சராசரி எப்படி போடணும்னு தெரியலன்னா அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இபிஏ, ப்ரோயுசிஎல்னு ஒரு சாப்ட்வேர் சும்மாவே குடுக்குது, காசு கிடையாது, என் மக டவுன்லோடு பண்ணி காட்டுனா.

மேப்பு கதைய சொல்லலன்னா மனசு ஆறாது. நீங்க குடுத்த இடத்தோட நம்பர எல்லாம் அவ கியூஜிஐஎஸ்ங்கிற மேப்பு சாப்ட்வேர்ல போட்டா, அதுவும் இலவசம்தான், போட்டு பாத்தா முதல் கம்பெனி தோண்டுன குழி பூரா தமிழ்ப்பள்ளி திடல்லயும் மாரியம்மன் கோயில் பின்னாடியும் வந்து நிக்குது. எனக்கு நெஞ்சே அடச்சிருச்சு, பிள்ளைங்க பந்து விளையாடுற எடத்துலயா ஆர்சனிக்குன்னு. அவ சிரிச்சா. பழைய சர்வே கெர்தாவ் 1948ங்கிற கணக்குல எடுத்தது, பஹாங்ல இருக்கிற கெர்தாவ்ல இருந்து புடிச்ச அளவு, இப்ப உள்ள போன் எல்லாம் சேட்டலைட்டு கணக்குல பேசும், இதையும் அதையும் மாத்தாம கலந்தா நம்ம நாட்டுல நூறு மீட்டருக்கு மேல தள்ளி விழும்னா. மாத்தி போட்டதும் புள்ளி எல்லாம் நகந்து ஸ்டோருக்குள்ள போய் உக்காந்துருச்சு. சரி, பள்ளிக்கூடம் தப்பிச்சது. ஆனா நாளைக்கு மண்ணு வெட்ட லோரியும் பேக்கோவும் வர்றப்ப அந்த ஓட்டுற பையன் கையில எந்த கணக்கு மேப்பு இருக்கும்? எந்த கணக்குன்னு ஒரு வார்த்த, ஒவ்வொரு பைலுலயும், எழுதி வைக்க என்ன கேடு?

எக்செல்ல பத்தியும் ஒரு வார்த்த. மூணாவது குழியில அஞ்சு அடி ஆழம்ங்கிறத 3-5ன்னு எழுதியிருக்கிங்க, எக்செல் அத மே 3ன்னு மாத்தி வச்சிருக்கு, உங்க ரிப்போர்ட்லயே ரெண்டு இடத்துல மண்ணுக்கு பேரு "03-மே". சிரிக்காதிங்க, உலகத்துல பெரிய பெரிய விஞ்ஞானிங்களுக்கே இது நடந்திருக்கு, மார்ச்1, செப்ட்1ன்னு பேரு வச்ச ஜீன எல்லாம் எக்செல் தேதியா மாத்திருச்சுன்னு 2020ல அந்த ஜீனுங்களுக்கே பேர மாத்துனாங்க. அப்ப எக்செல்ல திருத்த முடியல, மனுச ஜீனு பேரத்தான் மாத்த முடிஞ்சுது. எனக்கு எக்செல் மேல கோபம் இல்ல, செம்பனை கணக்கு பூரா நான் அதுலதான் பாத்தேன். கணக்கு போட அது நல்லது, காலத்துக்கும் வச்சிருக்கிற எடமா அது லாயக்கில்ல.

நீங்க கேக்கலாம், இதுக்குத்தான் டேஷ்போர்டு போட்டோமே கிராணியம்மான்னு. ஆமா, போட்டிங்க. ரெண்டாவது கம்பெனி காலத்துல ஒரு லிங்க் குடுத்தாங்க, கலர் கலரா புள்ளி, தொட்டா நம்பரு வரும், அழகா இருந்துச்சு, நானே லயத்துல பத்து பேருக்கு வாட்சாப்புல அனுப்புனேன். காண்ட்ராக்டு முடிஞ்ச மறு மாசம் அத தொட்டா பாஸ்வேர்டு கேட்டுச்சு, அதுக்கு அடுத்த மாசம் பக்கமே இல்ல. உள்ள இருந்த டேட்டா யாருதுன்னு கேட்டா ஆளாளுக்கு கைய விரிக்கிறாங்க, சாப்ட்வேர் கம்பெனிகிட்ட இருக்கும், கன்சல்டன்கிட்ட இருக்கும்னு. தோட்டம் கைமாறுனப்ப கூட புது துரை முதல்ல கேட்டது செக்ரோல் எங்கன்னுதான். நீங்க கம்பெனி மாத்துறப்ப பைப்ப வாங்கிக்கிட்டிங்க, சாவிய வாங்கிக்கிட்டிங்க, நம்பர வாங்கல.

அதனால இத டெண்டர் பேப்பர்லயே எழுதுங்கன்னு கேக்குறேன், பின்னாடி கெஞ்சி வாங்குற மாதிரி வைக்காதிங்க. லேப்பு குடுக்கிற ஒவ்வொரு நம்பரும் கம்ப்யூட்டர் படிக்கிற பைலா, சாதாரண சிஎஸ்வியா இருந்தா போதும், கமிட்டிக்கு வரணும். அதுல பைப்போட மாறாத பேரு, எடுத்த நாளு நேரம், ஆழம், வடிகட்டுனதா இல்லையா, எந்த முறையில டெஸ்ட் பண்ணாங்க, அலகு, எதுவரைக்கும் பாக்க முடியும், எடம் எந்த கணக்கு, எல்லாம் தனித்தனி காலம். அது வந்து சேந்தாத்தான் பில்லு பாஸ். பழைய மூணு பேரையும் புது பேரோட சேத்து ஒரு பட்டியல் போடுறதுக்கு ஒரு நாளு வேல, அத நானே போட்டு தர்றேன், எந்த பைப்பு எதுன்னு நடந்து போய் தொட்டு காட்டுவேன்.

கலிபோர்னியாவுல ஜியோட்ராக்கர்னு ஒண்ணு வச்சிருக்காங்க. பெட்ரோல் ஸ்டேஷன் டேங்க் ஒழுகுனதுல இருந்து பெரிய தொழிற்சாலை வரைக்கும், சுத்தம் பண்றவன் லேப்பு ரிசல்ட்ட கம்ப்யூட்டர் பைலா அதுலதான் ஏத்தணும், வீட்டுல உக்காந்திருக்கிற யாரும் மேப்ப தொட்டு பக்கத்து கிணத்து நம்பர பாக்கலாம், அரசாங்கமே நடத்துறதால கன்சல்டன் மாறுனாலும் அது மாறாது. அந்த அளவுக்கு நான் கேக்கல. நம்ம ஜபாத்தான் ஆலாம் செகித்தார்ல, அதான் சுற்றுச்சூழல் துறையில, இஸ்விஸ்னு ஒரு சிஸ்டம் இருக்கு, கழிவு கிளம்புன எடத்துல இருந்து போய் சேர்ற எடம் வரைக்கும் அதுலதான் பதியணும், அசுத்தமான மண்ணுக்கு எஸ்டபிள்யூ408ன்னு தனி நம்பரே இருக்கு. 2009லயே அசுத்தமான நிலத்துக்குன்னு வழிகாட்டியும் போட்டிருக்காங்க. ஆக நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இல்ல. ஆனா 2005 கழிவு சட்டத்துல கழிவு கணக்க வச்சிருக்க சொன்னது மூணு வருஷம். மூணு வருஷம்! என் தீபாவளி போனஸ் கணக்க நான் அதவிட கூட வச்சிருக்கேன்.

மூணு வருஷம் எங்க, விஷயம் எங்க. ஈப்போ பக்கம் புக்கிட் மேராவ நெனச்சி பாருங்க. அந்த ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982ல ஓட ஆரம்பிச்சு, ஊரு ஜனம் கோர்ட்டு வரைக்கும் போய், 1994ல மூடுனாங்க. மூடுனதுக்கு அப்புறம் சுத்தம் பண்ற வேல எத்தனையோ வருஷம் இழுத்துச்சு, செலவு பத்து கோடி அமெரிக்க டாலரு அளவுக்குன்னு பேப்பர்ல வந்துச்சு. அந்த ஆலை கழிவ கிளெடாங் மலையில பொதச்சி வச்சதுல கதிரியக்கம் உள்ள தோரியம் இருக்கு, அது பாதியா கொறையவே 1,400 கோடி வருஷம் ஆகும். ஆர்சனிக்குக்கு அந்த பாதி கணக்கு கூட கிடையாது. அப்ப அந்த எடத்துல என்ன, எவ்வளவு ஆழத்துல, எந்த பக்கம்னு எழுதுன பேப்பர நம்ம பேரன் பேத்தி படிக்க முடியணுமா இல்லையா? பாஸ்வேர்டு போன டேஷ்போர்டுலயா தேடுவாங்க?

நம்பர குடுத்தா ஜனங்க பயந்துருவாங்கன்னு ஒரு ஐயா மீட்டிங்ல சொன்னாரு. மரியாதையா சொல்றேன், அது தப்பு. நம்ம நாட்டுல புகைமூட்டத்துல காத்து எவ்வளவு கெட்டிருக்குன்னு காட்டுற ஐபியு நம்பரையே ஒரு காலத்துல ரகசியம்னு மூடி வச்சிருந்தாங்க, 2005 ஆகஸ்ட்டுல புக கண்ண மறச்சப்பதான் வெளிய விட்டாங்க, இப்ப சின்ன பிள்ளைங்க கூட போன்ல பாத்துட்டு மாஸ்க் போடுது, யாரும் செத்துப்போயிடல. 2019 மார்ச்ல பாசிர் கூடாங் சுங்கை கிம் கிம் ஆத்துல ரசாயனத்த கொட்டிட்டு போனப்ப 111 பள்ளிக்கூடம் மூடுனாங்க, அப்ப எங்க ஊரு வாட்சாப்புல வந்தத பாத்திருந்தா தெரியும், நம்பரு இல்லாத எடத்துல என்ன வந்து உக்காருதுன்னு. சிலாங்கூர்லயும் பினாங்குலயும் தகவல் கேக்குற சட்டம் இருக்கு, நம்ம பேராக்ல அது இல்ல, அதனாலதான் மனு போடாம மடல் எழுதிக்கிட்டு இருக்கேன்.

ஒண்ணு மட்டும் வெளிய விடாதிங்க. மருந்தடிச்ச பொம்பளைங்களோட சீக்கு விவரம், கர்ப்பம் கலஞ்சது, யாரு வீட்டு பிள்ளைக்கு என்னங்கிறது, இத எல்லாம் நர்ஸ் மிஸ்ஸி ஒரு படிவத்துல எழுதிக்கிட்டு போனாங்க. அத மண்ணு நம்பரோட ஒரே பைலுல பேரும் ஐசி, அதான் அடையாள கார்டு, நம்பருமா வச்சிருக்கிறத நான் என் கண்ணால பாத்தேன். தனிநபர் தகவல் சட்டம் 2010 அரசாங்கத்த கட்டுப்படுத்தாதுன்னு என் மக சொன்னா, கட்டுப்படுத்தாட்டியும் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல. பேர எடுத்துட்டு நம்பர் போடுங்க, 114 மாதிரி.

ஆனா அவங்க சொல்ற கதைய விட்றாதிங்க, அதுவும் டேட்டாதான். அமெரிக்காவுல லவ் கெனால்னு ஒரு எடம், ஒரு கம்பெனி 1942ல இருந்து 1953 வரைக்கும் 21,000 டன் ரசாயனத்த பொதச்சிட்டு அந்த நிலத்த ஒரு டாலருக்கு பள்ளிக்கூடத்துக்கு வித்துட்டு போயிருச்சு. 1978ல லோயிஸ் கிப்ஸ்னு ஒரு அம்மா, வீடு வீடா போய் யாருக்கு என்ன சீக்குன்னு கேட்டு மேப்புல குறிச்சாங்க. சீக்கு எல்லாம் பழைய வாய்க்கா ஓடி மண்ணு போட்டு மூடுன எடத்துலயே வரிசையா வந்துச்சு, வாய்க்கா எங்க ஓடுச்சுன்னு சொன்னதும் பழைய ஆளுங்கதான். அந்த போராட்டத்துக்கு அப்புறம்தான் 1980ல சூப்பர்ஃபண்டு சட்டமே வந்துச்சு. கம்ப்யூட்டரு இல்ல, ஒரு மேப்பு, ஒரு பென்சிலு.

உங்க மேப்புல "ஏரியா சி"ன்னு இருக்கிறது எங்களுக்கு சின்ன பிள்ளைங்கள பாத்துக்கிற ஆயாக்கொட்டாய் பின்பக்கம். அங்க நீங்க இருபது மீட்டருக்கு ஒரு குழின்னு வரிசையா போட்டிங்க, நல்லாத்தான் போட்டிங்க, ஆனா 44 கேலன் டிரம்ம கழுவி ஊத்துனது அந்த வரிசைக்கு நடுவுல, கொய்யா மரத்துக்கும் பழைய தண்ணி டேங்கிக்கும் இடையில, ஒரு குழி கூட அங்க இல்ல. இது மருந்து மண்டோரோட சம்சாரத்துக்கு தெரியும், எண்பத்தி மூணு வயசு, ஞாபகம் எல்லாம் கத்தி மாதிரி. அவங்கள யாரும் கேக்கல. போன்ல ஓடிகே, கோபோன்னு ஆப்பு இருக்கு, லைன் இல்லாத காட்டுல கூட வேல செய்யும், காசும் இல்ல, அந்த பாட்டிய நிக்க வச்சி "இங்க"ன்னு சொல்றப்ப எடத்தையும் குரலையும் போட்டோவையும் ஒரே தொடுல பதிஞ்சிரலாம். டுரோன் வீடியோ எடுத்து பாட்டு போட்டு காட்டுனிங்களே, அதுக்கு ஆன செலவுல எல்லா பாட்டியையும் கூட்டிட்டு போய் வந்து மத்தியானம் வாழ இலை சாப்பாடும் போட்டிருக்கலாம்.

அந்த துப்பாக்கி மாதிரி மெஷின், எக்ஸ்ஆர்எஃப், மண்ணுல வச்சி அழுத்துனா சட்டுனு ஆர்சனிக்கு நம்பர் காட்டுதே, அது எனக்கு புடிச்சிருக்கு. பாட்டி காட்டுற எடத்துல அத வச்சி முதல்ல ஒரு சுத்து பாத்துட்டு எங்க தோண்டணும்னு முடிவு பண்ணலாம். ஆனா ஈயம் நிறைய இருக்கிற மண்ணுல அது ஆர்சனிக்க சரியா காட்டாது, ரெண்டோட கதிரும் கிட்டத்தட்ட ஒரே எடத்துல வரும். அதனால துப்பாக்கி நம்பரையும் லேப்பு நம்பரையும் ஒரே காலத்துல கொட்டாதிங்க, எது எதுல வந்துச்சுன்னு எழுதுங்க. இத எல்லாம் உங்களுக்கே சொல்லிக் குடுக்கிறேன்னு நெனைக்காதிங்க, உங்க குழுவுல வந்த ஒரு தங்கச்சிதான் வெயில்ல நின்னு எனக்கு சொல்லிக் குடுத்துச்சு, ரொம்ப நல்ல பிள்ள, அத பேச விட்டிருந்தா இந்த மடலே தேவப்பட்டிருக்காது.

என் பக்கம் என்ன இருக்குன்னும் சொல்லிர்றேன். தோட்ட ஆபீஸ இடிக்கிறப்ப குப்பையில போட இருந்த புத்தகத்த நான் ரெண்டு மோட்டோ நடையா வீட்டுக்கு கொண்டு வந்துட்டேன். செக்ரோல் 14, மருந்து குடுத்த ஸ்டோர் புத்தகம் 5. எந்த நாளு, எத்தன கேலன், எத்தனாவது நம்பர் காட்டுக்கு போச்சு, யாரு வாங்குனா, மிச்சம் எவ்வளவு திரும்பி வந்துச்சு, எல்லாம் இருக்கு, சில பக்கத்துல டிரம்மு ஒழுகுனதும் எழுதியிருக்கு. நீங்க பத்து வருஷமா குழி தோண்டி தேடுறது அதுல பாதி இருக்கு. கரையான் அரிக்காம நாப்தலீன் உருண்ட போட்டு பீரோவுல வச்சிருக்கேன்.

வாங்க, ஸ்கேன் பண்ணிக்கிங்க. ஒரு காப்பி கமிட்டிக்கு, ஒரு காப்பி தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு, ஒண்ணு ஆர்க்கிப் நெகாராவுக்கு, அதான் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு, அனுப்பிருங்க. சனிக்கிழம காலையில வந்தா தோசை இருக்கும், பாட்டியையும் கூப்பிட்டு வச்சிருக்கேன், கொய்யா மரம் வரைக்கும் நடக்கிறேன்னு சொல்லிட்டாங்க. புத்தகம் மட்டும் வீட்டு வாசல தாண்டாது, ஸ்கேனர நீங்கதான் தூக்கிட்டு வரணும். கோணலா ஸ்கேன் பண்ணா திரும்ப பண்ண வைப்பேன்.

இப்படிக்கு,
முன்னாள் செக்ரோல் கிராணி,
பழைய 7ம் நம்பர் லயம்